நடந்துகொண்டே தியானமா? உடல் அசைவு வழியான பௌத்தப் பயிற்சி: ஒரு விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தியானம் என்றதும் மனதில் வருவது ஒரே படம்தான். கடல் நடுவே பாறை, அதன்மேல் கண்மூடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர். 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே அமர்ந்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2024 மே 30 முதல் ஜூன் 1 வரை பிரதமர் நரேந்திர மோடி அதே பாறையில் தியானத்தில் இருந்தபோது வெளிவந்த படங்களும் அந்தக் காட்சியைத்தான் இன்னும் அழுத்தமாகப் பதித்தன. அதே ஆண்டு இறுதியில் ஐ.நா. பொதுச்சபை டிசம்பர் 21ஐ உலகத் தியான நாள் என்று அறிவித்தது.

இன்னொரு பக்கம் ‘நடைத் தியானம்’, ‘கை அசைவுத் தியானம்’, ‘மைண்ட்ஃபுல் வாக்கிங்’ என்ற பெயர்கள் கைபேசியிலும் யோகா வகுப்பு நோட்டீஸ்களிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. குழப்பம் இங்கேதான் வருகிறது. அசையாமல் இருப்பதுதானே தியானம்? நடப்பது தியானம் என்றால் காலையில் நடைப்பயிற்சி போகிற எல்லோரும் தியானம் செய்கிறார்களா? இது யோகாசனமா, உடற்பயிற்சியா, மதச் சடங்கா? அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

இந்தப் பயிற்சியின் மையச் சொல், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘சதி’. தமிழ்க் காதில் அது வேறு பொருளில் விழும் என்பதால் யாரும் அப்படியே எழுதுவதில்லை. சமஸ்கிருத ‘ஸ்மிருதி’யின் பாலி வடிவம் அது. அடிப்படைப் பொருள் நினைவு. நேற்று நடந்ததை நினைத்துப் பார்க்கும் நினைவைச் சொல்லவில்லை. இப்போது எதில் இருக்கிறோமோ அதை மறந்துவிடாமல் இருப்பதைச் சொல்கிறது.

தமிழில் இதற்கு ‘விழிப்புணர்வு’ என்று எழுதுகிறார்கள். சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு, டெங்கு விழிப்புணர்வு என்று பேரணி நடத்தி நடத்தி அந்தச் சொல்லின் பொருள் ‘தகவல் அறிந்திருத்தல்’ என்று ஆகிவிட்டது. சிலர் ‘மனநிறைவு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அது திருப்தியைக் குறிக்கும் சொல், இங்கே பொருந்தவே பொருந்தாது.

நம்மிடம் இதைவிடப் பழைய, நல்ல சொல் ஒன்று உண்டு: கடைப்பிடி. பௌத்தத்தின் எண்வழிப் பாதையில் ஏழாவது உறுப்பைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்று சொல்வார்கள். பழைய இலக்கண உரைகள் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று நான்கு குணங்களைச் சேர்த்துச் சொல்லும்போது, கடைப்பிடிக்குத் தரும் பொருள் ‘கொண்ட பொருளை மறவாமை’. ‘சதி’க்கு இவ்வளவு நெருக்கமான விளக்கத்தை வேறெந்தத் தமிழ்ச் சொல்லிலும் நான் கண்டதில்லை. இன்று கடைப்பிடிப்பது என்றால் விதியைப் பின்பற்றுவது என்று ஆகிவிட்டதால், இந்தக் கட்டுரையில் எளிதாக ‘மறவாமை’ என்றே சொல்கிறேன்.

இதோடு சேர்ந்து வரும் வேறு இரண்டு சொற்களும் உண்டு. ‘சம்பஜஞ்ஞ’ என்றால் என்ன செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று தெளிந்து அறிதல். ‘அப்பமாத’ என்றால் அசட்டையாக இராமை. தம்மபதம் என்ற பௌத்தப் பாடல் தொகுப்பின் இரண்டாவது பிரிவுக்கு அதுதான் பெயர். குறளின் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை (மறந்துவிடாமை) அரசியல் பகுதியில் இருந்தாலும், அந்தச் சொல்லின் பொருள் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

மூல நூலில் என்ன இருக்கிறது?

மறவாமைப் பயிற்சிக்கு அடிப்படை சதிபட்டான சுத்தம். பாலியில் ‘சுத்தம்’ என்றால் புத்தரின் போதனை உரை, ‘நிகாயம்’ என்றால் அந்த உரைகளின் தொகுப்பு. மஜ்ஜிம நிகாயத்தில் 10ஆவது சுத்தம் அது. தீக நிகாயத்தில் 22ஆவதாக அதன் விரிந்த வடிவம் இருக்கிறது. உடல், உணர்ச்சி, மனம், மனத்தில் தோன்றுபவை என்று நான்கு களங்களை அது பிரித்துச் சொல்கிறது. முதல் களம் உடல்.

உடல் பகுதி மூச்சில் தொடங்குகிறது. பலரும் அந்த இடத்தோடு நின்றுவிடுவதால்தான் ‘தியானம் என்றால் மூச்சைக் கவனிப்பது’ என்ற எண்ணம் பரவியது. மூச்சுக்கு அடுத்து வருவது நான்கு நிலைகள்: நடக்கும்போது நடக்கிறேன் என்று அறிவது, நிற்கும்போது நிற்கிறேன் என்று அறிவது, உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் அப்படியே அறிவது.

அதற்கும் அடுத்த பத்தி இன்னும் கீழே, அன்றாட வாழ்க்கைக்கே இறங்கி வருகிறது. முன்னே போவது, திரும்பி வருவது, நேரே பார்ப்பது, பக்கத்தில் பார்ப்பது, கைகாலை மடக்குவது, நீட்டுவது, துணி உடுத்துவது, சாப்பிடுவது, குடிப்பது, மெல்லுவது, மலசலம் கழிப்பது, பேசுவது, பேசாதிருப்பது. எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு, இவை ஒவ்வொன்றிலும் தெளிந்து அறிக என்கிறது. கழிப்பறைக்குப் போவதைக்கூட விடவில்லை. அதனால், அசைவு வழியான தியானம் யாரோ இந்தக் காலத்தில் புதிதாகக் கண்டுபிடித்தது என்ற எண்ணம் சரியில்லை.

நடைக்குத் தனியாகவே ஒரு சொல் உண்டு: ‘சங்கம’, அதாவது ஒரே பாதையில் முன்னும் பின்னும் நடப்பது. அங்குத்தர நிகாயம் இதன் பலன்கள் ஐந்தைச் சொல்கிறது. நீண்ட பயணத்துக்கு உடல் தாங்கும், முயற்சிக்குத் தெம்பு வரும், நோய் குறையும், உண்டது செரிக்கும், நடையில் கிடைத்த மன ஒருமை நெடுநேரம் நிற்கும். ஐந்தில் நான்கு வெறும் உடல் பலன்கள்தான். கடைசி ஒன்றுதான் வேறு வகை. புத்தகயாவில் போதி மரத்துக்குப் பக்கத்தில், புத்தர் ஞானம் பெற்றபின் நடந்ததாகச் சொல்லப்படும் பாதையை, கல்லில் தாமரைப் பூக்கள் செதுக்கிய மேடையாக இன்றும் பார்க்கலாம்.

நாயும் நரியும் எழுப்பிய கேள்வி

‘நடக்கும்போது நடக்கிறேன் என்று அறிவது’ என்றால், அது யாருக்குத்தான் தெரியாது? இந்தக் கேள்வியைப் பழைய உரையே கேட்டுவிட்டது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இலங்கையில் தொகுத்த உரை, நாய்களும் நரிகளும்கூடப் போகும்போது போகிறோம் என்று அறியும், சுத்தம் சொல்வது அந்த அறிவை அல்ல என்கிறது. பிறகு மூன்று கேள்விகளை வைக்கிறது. யார் போகிறார்? யாருடைய போக்கு இது? எதனால் போகிறது?

உரை தரும் பதிலைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ‘நடக்க வேண்டும்’ என்று ஒரு எண்ணம் எழுகிறது. அதனால் உடலில் ஒரு உந்துதல் பரவுகிறது. கால் எழுகிறது. இந்தத் தொடருக்கு நடுவே ‘நான்’ என்று தனியாக ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்திருப்பதாகத் தேடினால் கிடைப்பதில்லை. பௌத்தத்தில் அசைவைக் கவனிப்பதன் கடைசி நோக்கம் இதுதான். மன அமைதி வழியில் கிடைப்பது.

நடைப்பயிற்சி போகிறவருக்கும் நடைத் தியானம் செய்பவருக்கும் உள்ள வேறுபாடு இதிலிருந்தே புரியும். கால்கள் இரண்டுபேருக்கும் ஒரே மாதிரிதான் அசைகின்றன. ஒருவருக்குக் கணக்கு எத்தனை அடி, எத்தனை நிமிடம். இன்னொருவருக்கு ஒவ்வொரு அடியும் தெரிந்ததா, நழுவியதா என்பது மட்டுமே கணக்கு.

மூச்சு இருக்கும்போது அசைவு எதற்கு?

காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூச்சு நுட்பமானது. மனம் அடங்க அடங்க அதுவும் மெலிந்து, கடைசியில் கிடைக்காமல் போகும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது நூலைப் பிடிப்பது போல. கை கால் அசைவு கயிற்றைப் பிடிப்பது போல. கயிறு கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும்.

2. மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் பலர் தங்களுக்கே தெரியாமல் அதைக் கட்டுப்படுத்தத் தொடங்குவார்கள். மூச்சுத் திணறுவது போல, நெஞ்சு இறுகுவது போல இருக்கும். பதற்றம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். கையைத் தூக்குவதிலும் இறக்குவதிலும் இந்தச் சிக்கல் இல்லை. அது நாமே நினைத்துச் செய்யும் செயல்தான்.

3. அசைவுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. கை எழுந்தது, நின்றது. கால் பதிந்தது. ஒவ்வொரு நிறுத்தமும் ‘இங்கே இருக்கிறாயா?’ என்று கேட்பது போல வந்து நிற்கும். மனம் எங்கோ போயிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் பிடிபடும்.

4. தூக்கம் எளிதில் வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்மூடி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

5. தியானத்தை முடித்து எழுந்ததும் அது அறுந்துபோவதில்லை. கண்மூடி உட்கார்ந்து பழகியவருக்கு எழுந்து நடந்ததும் உலகமே வேறு. நடையிலேயே பழகியவருக்கு வாளி தூக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அதே பயிற்சியின் தொடர்ச்சி.

இந்த ஐந்திலும் நான் மிகவும் முக்கியம் என்று கருதுவது மூன்றாவது. பயிற்சியின் அலகு கவனம் நழுவாமல் இருப்பது என்று நினைப்பவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் நழுவும். உண்மையில் அலகு, நழுவியதை அறிந்து திரும்பி வருவது. அசைவு அதற்கு நிமிடத்துக்குப் பலமுறை வாய்ப்புத் தருகிறது.

வழக்கில் உள்ள முறைகள்

பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாதோ (1904–1982) வழியில் நடைக்குப் பெரிய இடம் உண்டு. முகாம்களில் ஒரு மணி நேரம் உட்காருவது, ஒரு மணி நேரம் நடப்பது என்று மாறிமாறி வரும். தொடக்கத்தில் ‘இடது, வலது’ என்று மனதுக்குள் பெயர் சொல்லி நடப்பார்கள். பிறகு ‘தூக்குதல், நகர்த்துதல், வைத்தல்’ என்று ஒரே அடியை மூன்றாகப் பிரிப்பார்கள். போகப்போக நடை மிக மெதுவாகும்.

வியட்நாமின் திக் நாட் ஹான் (1926–2022) வழியில் மூச்சோடு அடிகளைச் சேர்த்து, இயல்பாக, கூட்டமாகவும் நடப்பார்கள். ஜப்பானிய சென் பௌத்த மரபில் உட்காரும் அமர்வுகளுக்கு நடுவே ‘கின்ஹின்’ என்ற நடை வரும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது தாய்லாந்தின் லுவாங்போர் தியன் (1911–1988) தந்த முறை. பெயருக்கும் தியானத்துக்கும் தொடர்பில்லை. தாய்லாந்து மொழியில் தியன் என்றால் மெழுகுவத்தி. பள்ளிப் படிப்பு இல்லாதவர், மீகாங் ஆற்றில் படகு வைத்து வியாபாரம் செய்த குடும்பஸ்தர். 1957இல் வியாபாரத்தை விட்டுப் பயிற்சிக்குப் போனார். அங்கே கற்றுத் தந்த முறையில் அசைவுக்கு ஒரு சொல், நிறுத்தத்துக்கு ஒரு சொல் என்று மனதில் சொல்லிக்கொள்ள வேண்டும். அவர் சொற்களை விட்டுவிட்டு அசைவை மட்டும் அறிந்தார். துறவியானது அதற்குப் பிறகுதான், 1960இல்.

இந்த முறையில் கண் திறந்தே இருக்கும். மந்திரம் இல்லை, பெயர் சொல்வது இல்லை, மூச்சைத் தேடுவதும் இல்லை. சம்மணமிட்டோ நாற்காலியிலோ உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் கவிழ்த்து வைத்துத் தொடங்க வேண்டும். மொத்தம் 14 அசைவுகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சின்ன நிறுத்தம்.

1. வலது கையைத் தொடைமேலேயே திருப்பி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி நிறுத்துவது.
2. அந்தக் கையை மேலே தூக்குவது.
3. கொண்டுவந்து வயிற்றில் வைப்பது.
4 முதல் 6 வரை: இடது கைக்கும் இதே மூன்று. கடைசியில் அது வலது கையின்மேல் வந்து சேரும்.
7. வலது கையை மார்புக்கு உயர்த்துவது.
8. பக்கவாட்டில் விலக்குவது.
9. தொடைமேல் பழையபடி பக்கவாட்டாக இறக்குவது.
10. கவிழ்ப்பது.
11 முதல் 14 வரை: இடது கைக்கும் இதே நான்கு.

அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. அலுத்தால் எழுந்து எட்டிலிருந்து பன்னிரண்டு காலடி தூரத்துக்கு முன்னும் பின்னும் நடக்கலாம். இதில் நினைப்புகளை அடக்கச் சொல்வதில்லை. நினைப்பு வந்தால் வரட்டும், அதற்குள் போகாமல் அசைவுக்குத் திரும்பினால் போதும். இந்த அசைவுகளுக்கு மறைபொருள் எதுவும் கிடையாது. முத்திரைகள் அல்ல, சக்தி ஓட்டம் என்ற பேச்சும் இல்லை. 14க்குப் பதில் 12 இருந்தாலும் வேலை நடக்கும். சும்மா விரலை மடக்கி நீட்டினாலும் நடக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அசைவையே மருந்தாக விற்கும் விளம்பரங்கள் நிறைய இருப்பதுதான்.

நம் ஊர் அசைவுகளோடு ஒப்பிட்டால்

‘உடல் உழைப்பு செய்பவர்களுக்கு வேலையே தியானம்’ என்று ஒரு பேச்சு உண்டு. பாதி சரி. எது சரி, எது தவறு என்று பார்க்க நம் மாவட்டத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

தோவாளையில் பூக் கட்டுபவரின் விரல்களைப் பாருங்கள். கண் பூவில் இல்லை, வாய் பேசிக்கொண்டிருக்கிறது, மாலை மட்டும் பிசகில்லாமல் நீள்கிறது. அது பெரிய திறமை. மறவாமைக்கோ அது நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. கை பழகப் பழக மனம் அங்கே இருக்கத் தேவையில்லாமல் போகிறது. பழக்கம் என்பதே அதுதான். அதே பூக்கட்டில், நார் விரலில் உரசுவதையும் முடிச்சு இறுகுவதையும் பத்து நிமிடம் அறிந்துகொண்டே கட்டினால், அது பயிற்சி ஆகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுபவர் கதை கொஞ்சம் வேறு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறார். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் படும், மேலோட்டமாக ஓடினால் பால் போதாது. ஒவ்வொரு வெட்டிலும் மனம் கத்தி நுனியில் இருந்தே ஆக வேண்டும். இது மறவாமைக்கு மிக நெருக்கம். ஒன்றுதான் குறைகிறது: கவனம் மரப்பட்டையில் இருக்கிறது, தன் உடலிலும் மனத்திலும் இல்லை. ‘வெட்டப் போகிறேன்’ என்ற எண்ணமும் கையின் இறுக்கமும் சேர்ந்து தெரியும்போதுதான் பௌத்தம் சொல்லும் வட்டம் நிறைவாகிறது.

அடிமுறை என்ற தற்காப்புக் கலை பயில்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. ஆசானிடம் சுவடு (கால் வைக்கும் முறை) பழகும்போது உடல் உணர்வு அபாரமாகக் கூர்மையாகும், சந்தேகமில்லை. அங்கே அசைவுக்கு ஒரு சரியான வடிவம் உண்டு, அதை அடைய வேண்டும், எதிராளியை அறிய வேண்டும். அசைவுத் தியானத்தில் அடைய வேண்டிய வடிவம் கிடையாது. கை கோணலாகப் போனால், கோணலாகப் போனது தெரிந்தால் போதும்.

மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். ‘கோவிந்தா, கோபாலா’ என்ற விளி ஓட்டம் முழுக்க நாவில் இருக்கிறது. உடல் களைத்தாலும் மனம் அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. இது பக்தி. மனம் இறைவனிடம், உடல் அதற்கான காணிக்கை. அசைவுத் தியானத்தில் மனம் போய்ச் சேரும் இடமே உடல்தான். இரண்டும் வேறு வழிகள். ஒன்றை வைத்து இன்னொன்றை அளப்பது இரண்டுக்குமே நியாயமாகாது.

யோகாசனத்தோடு வரும் குழப்பத்தைச் சுருக்கமாகவே தீர்க்கலாம். ஆசனத்தில் ஒரு நிலையை அடைந்து அதில் நிலைக்க வேண்டும். இங்கே நிலைக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆசனம் செய்யும்போதும் மறவாமை பழகலாம், தடையேதும் கிடையாது.

சோணரின் வீணை

தொடங்குபவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் கால் அசைவைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து, தோளும் தாடையும் இறுகி, அரை மணி நேரத்தில் தலைவலியோடு எழுந்திருக்கிறார்கள். சிலர் கையை ஆட்டிக்கொண்டே நாளைய வேலையைத் திட்டமிடுகிறார்கள்.

இதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. சோணர் என்ற பிக்கு நடைப் பயிற்சியில் பாதம் வெடித்து இரத்தம் வரும் வரை நடந்தார். பலன் கிடைக்கவில்லை, வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்தார். துறவுக்கு முன் அவர் வீணை வாசித்தவர். புத்தர் அவரிடம் கேட்டது அந்த வீணையைப் பற்றித்தான். நரம்பு மிக இறுகினால் நாதம் வருமா? மிகத் தளர்ந்தால் வருமா? முயற்சியையும் அப்படிச் சுருதி சேர்க்கச் சொன்னார்.

மெதுவாக நடப்பதுதான் தியானம் என்ற எண்ணமும் இந்த வகையில்தான் சேரும். மெதுவு ஒரு கருவி. மனம் சிதறியிருக்கும்போது வேகமாக நடப்பது சிலருக்கு நன்றாக உதவும். தூக்கம் வரும்போதும் அப்படியே.

என்ன பலன், எவ்வளவு பலன்?

மருத்துவத் துறைக்கு இது வந்த வழி 1979இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஸின் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார். மூச்சு, உடல் உணர்வு, மென்மையான யோகா, நடை எல்லாம் அதில் உண்டு.

பிறகு ஆய்வுகள் குவிந்தன. அவற்றில் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேர் பங்கேற்றவற்றைத் தொகுத்து 2014இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வு நிதானமான முடிவைச் சொன்னது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானப் பயிற்சிகளுக்குச் சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரை பலன் தெரிகிறது. மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்ற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை. இது பொதுவாகத் தியானப் பயிற்சிகளைப் பற்றியது, அசைவுத் தியானத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது அல்ல. ஆகவே ‘நடைத் தியானம் சர்க்கரையை ஒழிக்கும், புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

கவனிக்க வேண்டியவை மூன்று.

1. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் மணலிலோ கரடான தரையிலோ வெறுங்காலில் நடக்கக் கூடாது. காயம் பட்டாலும் தெரியாது. செருப்போடு நடந்து, முழங்கால் மடங்குவதையோ கை வீசுவதையோ கவனிக்கலாம். கை அசைவு முறை இவர்களுக்கு இன்னும் பொருத்தம்.

2. மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் தியானம் பழகுகிறோம் என்று மருந்தை நிறுத்தக் கூடாது. பத்து நாள் முகாம் போன்ற தீவிரப் பயிற்சிக்குப் போகுமுன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். பழைய அதிர்ச்சிகள் உள்ள சிலருக்கு நீண்ட மௌனத்தில் அவை கிளம்பி வருவதுண்டு.

3. பயிற்சியின்போது பயம், உடல் தன்னுடையது அல்ல என்ற உணர்வு, தூக்கமின்மை நாள்கணக்கில் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம்.

இது மதம் மாறும் விஷயமா?

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் ஒரே தெருவில் இருக்கும் மாவட்டம் இது. கேள்வி வருவது இயல்பு. கையைத் தூக்கி இறக்குவதை அறிவதற்கு எந்த நம்பிக்கையும் தேவையில்லை, யாரையும் வணங்கவும் வேண்டாம். சிலுவைக் குறி போடும்போது கையின் அசைவை அறிவதற்கும், தொழுகையில் குனிந்து நிமிர்வதை அறிவதற்கும் இது இடையூறு இல்லை. அதே நேரம், இதைப் பௌத்தத்திலிருந்து முழுசாகப் பிரித்தெடுத்த ‘டெக்னிக்’ என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அங்கே மறவாமை எட்டில் ஒன்று. பொய் சொல்லாமை, பிறரை வதைக்காத பிழைப்பு எல்லாம் அதே பாதையின் உறுப்புகள். எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை.

பௌத்தம் நம் மண்ணுக்கு அந்நியமும் அல்ல. இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் கேரளக் கரையில் இருந்த ஸ்ரீமூலவாசம் பௌத்த விகாரைக்கு நிலம் தந்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. அதே மன்னன் காலத்துக் கல்வெட்டு சிதறால் மலையிலும் உண்டு. இங்கே ஒரு திருத்தம்: சிதறால் குகையையும் படுக்கைகளையும் பலர் புத்தர் கோயில் என்று சொல்லிவிடுகிறார்கள். அது சமணப் பள்ளி. பாறையில் இருப்பவர்கள் தீர்த்தங்கரர்கள்.

தொடங்குபவருக்கு

இடத்துக்குச் சிரமப்பட வேண்டாம். சூரிய உதயக் கூட்டத்தில் கன்னியாகுமரிக் கடற்கரையும், சுற்றுலாப் பேருந்துகள் வரும் நேரத்தில் மாத்தூர் தொட்டிப்பாலமும் இதற்கு உதவாது. வீட்டு முற்றம், மொட்டை மாடி, தென்னந்தோப்பில் பத்துப் பதினைந்து அடி நீளச் சமதரை போதும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் வராந்தாவிலும் ஒரு பாதையைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம் கை அசைவு, மாலையில் பத்து நிமிடம் நடை. நடக்கும்போது பார்வை மூன்று நான்கு அடி முன்னால் தரையில் இருக்கட்டும். பாதை முடியும் இடத்தில் நின்று, நின்றது தெரிந்து, திரும்புவது தெரிந்து, மறுபடி நடக்க வேண்டும். பெரும்பாலும் நழுவுவது இந்தத் திருப்பத்தில்தான். கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும், அடிகளை எண்ணும் ஆப் உட்பட.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு வீட்டு வேலையைச் சேர்த்துக்கொள்ளலாம். தேங்காய் துருவுவது, துணி உலர்த்துவது, முற்றம் பெருக்குவது, எதுவானாலும் ஒன்று போதும். எல்லா வேலையிலும் ஒரே நாளில் மறவாமையைக் கொண்டுவரப் பார்ப்பவர்கள் மாலைக்குள் களைத்துவிடுவார்கள்.

தனியாக நேரம் கிடைக்காதவர்களுக்கு லுவாங்போர் தியன் மரபில் சின்ன அசைவுகளும் உண்டு: கைவிரல்களை மடக்கி விரிப்பது, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்ப்பது, உள்ளங்கையைக் கவிழ்த்து நிமிர்த்துவது. வடசேரியில் பேருந்து ஏறி மார்த்தாண்டத்தில் இறங்கும்வரை இதைச் செய்துகொண்டே போகலாம். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியாது.